ஒரு ரிங் என்றால் குளக்கட்டில்

எழுவான்கரையில் எழுதி
படுவான்கரையில் நிரப்புகிற படிவம்.
ஒன்றுக்கு நூற்றைம்பது ரூபா தருவார்கள்.
ஆயித்தியமலை தாண்டி ஆட்டோ போகாது என்றது,
மிச்சம் நடை.
கையில் இருபத்தொரு கேள்வி, தலைப்பு மட்டும் இரண்டு வரி:
கிராமிய அபிவிருத்தியில்
கையடக்கத் தொலைபேசியின் தாக்கம்.

புஸ்பமலர் கச்சான் உடைத்துக்கொண்டிருந்தாள்.
கால் ஒன்றைக் கம்பியால் கட்டிய பிளாஸ்டிக் கதிரையை
என் பக்கம் தள்ளினாள்.

போன் இருக்கிறதா?
இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினாள்,
ரப்பர் பட்டி போட்டது, ஐந்தாம் இலக்கம் அழிந்தது.

மாதம் எத்தனை அழைப்பு எடுப்பீர்கள்?
"ஒண்டுமில்ல மகள்."
வருகிற அழைப்பு?
"அடிக்கும். எடுக்கிறல்ல."
ரீலோட் எவ்வளவு போடுவீர்கள்?
"நூறு. மாசம் தவறாம."

நூறு என்று எழுதினேன். பக்கத்தில் இரண்டு பூச்சியம்.
இது எங்கேயோ பிழைக்கிறது என்று
பேனையே நின்றது.

பிறகுதான் சொன்னாள்.
ஒரு ரிங் என்றால் ஆனை குளக்கட்டில்.
ரெண்டு என்றால் வட்டைக்குள்.
மூணாவது அடிச்சிதெண்டா
போனைப் போட்டுட்டுப் புள்ளயத் தூக்கு.

பரணில் இருக்கிற அழகப்போடியின் மகன் இவளுக்கு அடிப்பான்.
இவள் அடுத்த வளவுக்கு.
அவர்கள் அதற்கடுத்த வளவுக்கு.
யாரும் எடுக்க மாட்டார்கள், கம்பனிக்கு ஒரு சதம் போகாது.
பதினொரு வீட்டு லைட்டும்
ஒன்றன்பின் ஒன்றாய் எரிந்துகொண்டு போகும்
காட்டோரம் வரைக்கும்.

எடுக்காத அழைப்புக்குப்
படிவத்தில் பெட்டி இல்லை.

போன் பாவிக்காத நாட்கள் உண்டா?
"செவ்வா."
விரதமா என்று கேட்டேன்.
சிரித்ததில் மடியிலிருந்த கோது கொட்டியது.
"லோன்காரன்ட நாள். காலமயிலருந்து எடுப்பான்.
பேர் போட்டு வைக்கல்ல, நம்பர் பாடம்."
விதைநெல்லுக்கு எடுத்த நாற்பதாயிரம்,
வெள்ளம் ஒருமுறை, கபிலத்தத்தி ஒருமுறை,
வட்டி மட்டும் ஒரு போகமும் பொய்க்கவில்லை.
செவ்வாய் விடிந்தால் போனை ஓப் பண்ணி
அரிசிப் பானைக்குள் இறக்கிவிடுவாள்.
புதன் விடியத்தான் வெளியில் எடுப்பாள்.

"அதில ஒரு செவ்வா" என்று தொடங்கி
ஒரு கச்சானை உடைத்தாள்.
உள்ளே ஒன்றுமில்லை. இன்னொன்றை உடைத்தாள்.

பரணிலிருந்து ரெண்டுதரம் அடித்திருக்கிறான்,
அரிசிக்குள் கிடந்த போனுக்கு.
முற்றத்தில் படுத்திருந்த கிருபைராசாவுக்கு
அன்றிரவு யாரும் அடிக்கவில்லை.

இடுப்பெலும்பு. ஏழு மாதம் ஆஸ்பத்திரி.
இப்போது சந்தியில் பெட்டிக்கடை,
பீடி, சவர்க்காரம், ரீலோட்.
"என்னட்ட ஒண்டும் கேக்கல்ல அந்த மனிசன்.
நானும் ஒண்டும் சொல்லல்ல.
மாசம் நூறு ரூபாக்குப் போடுவன்.
கிடக்கிற காசு தன்பாட்டில செத்துப் போகும்.
அடுத்த மாசம் திரும்பப் போடுவன்."

நான் கடைசிப் பக்கத்துக்குப் போனேன்.
போன் வந்த பிறகு உங்கள் வாழ்க்கை
முன்னேறியிருக்கிறதா?
ஓம். இல்லை. தெரியாது.

"எந்த நாளைக் கேக்கிறீங்க மகள்?"

பொழுது விழுந்துகொண்டிருந்தது. முறமும் கையுமாய் எழும்பினாள்.
நான் கையொப்பம் வாங்க மறந்து
பாதிவழியில் திரும்பிப் போய் வாங்கினேன்.

வலையிறவுப் பாலத்தில் பஸ் ஏறியபோது சிக்னல் வந்தது,
கூடவே மேற்பார்வையாளரின் குறுஞ்செய்தி:
நேற்றைய படிவங்களிலும்
செலவும் அழைப்பும் பொருந்தாத வீடுகள் உள்ளன.
பூச்சியங்களைத் திருத்தி அனுப்பவும்.
பதில் எழுதவில்லை.
வாவியில் யாரோ விளக்கோடு வலை வளைத்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் அவரே அடித்தார்.
நான் எடுக்கவில்லை.
ஒன்று.
இரண்டு.

மூன்றாவது அடித்தபோது
மடியில் கிடந்த பையை
இரண்டு கையாலும் தூக்கி
நெஞ்சோடு பிடித்திருந்தேன்.